தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வந்த வீட்டுக்கு: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லும் காகித வேலை

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் உலகனேரியில் திறந்தது. அன்றிலிருந்து நான் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஜில்லா கோர்ட் வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் ஆபீசுக்கு வந்த தூக்குக் கேஸ் கட்டுகள் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டவள் நான்தான். நீதிபதி படிப்பதற்கு முன்னால், பல சமயம் எங்கள் சீனியர் படிப்பதற்கும் முன்னால், அந்தத் தாள்களைப் படித்திருக்கிறேன்.

வரும் குடும்பங்கள் எல்லாம் ஒன்றைத்தான் கேட்கின்றன: "இனி நாங்க என்ன செய்யறது?" வக்கீலைப் பிடித்துவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள். வக்கீலால் எடுக்க முடியாத காகிதங்கள் உங்கள் வீட்டுப் பரணிலும், ஊர்ப் பள்ளிக்கூட பீரோவிலும், அரசு ஆஸ்பத்திரி பதிவேட்டிலும் கிடக்கின்றன. அவற்றை எப்படித் தேடுவது, எந்தத் தேதிக்குள் எதைச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தீர்ப்பு சொன்ன அன்று

முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று சொன்னதால் யாரையும் தூக்கில் போட முடியாது. உயர் நீதிமன்றத்தில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் அந்தத் தண்டனையை உறுதி செய்து கையெழுத்துப் போட வேண்டும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 407-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் செஷன்ஸ் நீதிபதி கேஸ் கட்டை மேலே அனுப்பியே ஆக வேண்டும். எங்கள் கோர்ட்டில் அதற்கு ஆர்.டி. (ரெஃபர்டு ட்ரையல்) நம்பர் விழும். அந்த நம்பரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆர்.டி. தானாகவே போகிறதே, அப்பீல் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். அப்பீலில்தான் உங்கள் தரப்பு நியாயம் எழுத்தில் போகும். தூக்குத் தீர்ப்புக்கு அப்பீல் கெடு 30 நாள். மற்ற தண்டனைகளுக்கு 60 நாள் என்பதால் இதற்கும் அப்படித்தான் என்று நினைத்துத் தாமதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு நகலுக்குக் காசு கட்ட வேண்டாம். தூக்குத் தண்டனை பெற்றவருக்கு, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சான்றிட்ட நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது சிறைக்குள் அவர் கையில் போய்விடுமே, அதனால் அடுத்த முறை சிறையில் அவரைச் சந்திக்க மனு பார்க்கப் போகும்போது கேட்டு வாங்கி இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வக்கீலுக்கு வழக்கை ஒப்படைக்கும் வக்காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. உள்ளே இருப்பவர்தான் போட வேண்டும், சிறை அதிகாரி சான்று செய்ய வேண்டும். அதற்கே சில நாள் பிடிக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இலவச வக்கீல் என்றால் அனுபவம் இல்லாதவராக இருப்பார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கேஸ், 2013-இல் 13 நாளில் விசாரணை முடிந்து தூக்கு விதிக்கப்பட்டது. எதிரிக்காக (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) கோர்ட் நியமித்த வக்கீலுக்குக் கட்டைப் படிக்கக்கூட அவகாசம் இல்லை. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இப்படிப்பட்ட கேஸ்களுக்கு நியமிக்கப்படும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது 7 நாள் கொடுக்க வேண்டும் என்றது. மறு விசாரணைகளுக்குப் பிறகு, கடைசியில் அந்த மனிதர் விடுதலை ஆனார். பதினோரு வருடம் போய்விட்டிருந்தது. உங்கள் வீட்டு வழக்கின் விசாரணையில் வக்கீல் எந்தத் தேதியில் நியமனம் ஆனார், முதல் சாட்சி எந்தத் தேதியில் கூண்டேறினார் என்று பாருங்கள். இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.

கட்டைப் படிப்பது

இதுதான் பெரிய வேலை. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள், மகஜர்கள் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிக் கையெழுத்தோடு போலீஸ் எழுதும் தாள்), கைது குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடய அறிவியல் அறிக்கை எல்லாம் வந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் நான்கு கோடு கிழித்து, தேதி, நேரம், இடம், கையெழுத்துப் போட்டவர் என்று ஒவ்வொரு தாளுக்கும் எழுதுங்கள். சட்டம் தெரிய வேண்டாம். கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒரு கேஸில் நான் டைப் செட் (கட்டை டைப் அடித்த பிரதி) போட்டுக்கொண்டிருந்தேன். அரிவாள் கைப்பற்றிய மகஜரில் காலை 10 மணி, கண்மாய்க் கரை. கைது குறிப்பில் அதே நாள் 11.30, பஸ் ஸ்டாண்ட். இரண்டு இடத்திலும் அதே கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து. போலீஸ் சொன்னபடியே பார்த்தால், ஆள் அகப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவர் காட்டிக்கொடுத்த அரிவாள் அகப்பட்டுவிட்டது. கீழ்க் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவர் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டு சீனியர் மேசையில் வைத்தேன். அந்த மனிதர் இன்று பந்தல் போடும் வேலை செய்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் அவர் அம்மா ஒரு கட்டுக் கரும்போடு எங்கள் ஆபீஸ் படி ஏறுவார். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு எனக்குக் காய்ச்சலாக இருந்து வேறு யாராவது அந்தப் பக்கங்களை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வயிறு கலங்கும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பற்றிய வரி மட்டும் செல்லும். அதனால்தான் ஏறக்குறைய எல்லாக் கொலைக் கேஸிலும் ஒரு மகஜர் இருக்கிறது. அந்த மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உங்கள் ஊர்க்காரர் என்றால், பொருளை எடுத்ததை அவர் கண்ணால் பார்த்தாரா, ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்களா என்று வக்கீல் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் நேரில் போய் அவரை எதுவும் கேட்காதீர்கள். சாட்சியைக் கலைக்கிறார்கள் என்று இன்னொரு கேஸ் வரும். பெயரையும் வீட்டையும் வக்கீலிடம் சொல்லுங்கள், அது போதும்.

அடுத்து, போலீஸ் விசாரித்துவிட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுவராத சாட்சிகள். குற்றப்பத்திரிகையில் பெயர் இருக்கும், தீர்ப்பில் இருக்காது. மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கு, அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு என்று பெயர். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளைப் பிடித்தார்கள். உயர் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி ஆறு பேருக்கும் தூக்கு என்றது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேரை யாரும் தேடவில்லை. அந்தத் தாள் கட்டுக்குள்ளேயே இருந்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றம் செய்யவில்லை என்று விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு வருடம் உள்ளே இருந்தவர்கள். மூன்று கோர்ட்டுகள் அந்தக் கட்டைப் புரட்டியிருக்கின்றன. நீங்களும் புரட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

டி.என்.ஏ. என்றதும் கை கால் விட்டுவிடாதீர்கள்

"டி.என்.ஏ. பொருந்திருச்சாம்மா, இனி என்ன இருக்கு" என்று ஒரு அப்பா என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். சோதனை சரியாக இருக்கலாம். சோதனைக்குப் போன சாம்பிள் யார் கையில், எத்தனை நாள், எங்கே இருந்தது என்பது வேறு கேள்வி. இதில் எங்கள் கிளையிலிருந்து போன ஒரு வழக்கே நாட்டுக்கு விதி எழுதியது. 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டது. தேனி கோர்ட் தூக்கு விதித்தது, மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. சாம்பிள்கள் இடையில் யாரிடம் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுவதற்கும் நடைமுறை சொன்னார்கள். எடுத்த சாம்பிள் 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் கூடத்துக்குப் போக வேண்டும். எடுத்த மருத்துவர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் முத்திரையை உடைக்கக் கூடாது. யார் யார் கையில் மாறியது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: சாம்பிள் எடுத்த தேதி, கோர்ட்டுக்குப் போன தேதி, ஆய்வகத்தில் வாங்கிய தேதி, முத்திரை எப்படி இருந்தது என்று ஆய்வகம் எழுதிய வரி. இடையில் ஒரு மாதம் காணாமல் போயிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

2017-இல் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுக் குழந்தைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 பிப்ரவரியில் தூக்கு, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. சிசிடிவி பதிவு முறைப்படி கோர்ட்டில் வைக்கப்படவில்லை, எதிரிக்குத் தற்காத்துக்கொள்ளச் சரியான வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை என்றார்கள். ஊர் கொதித்தது. எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தையைப் பெற்றவர்களுக்கு யார் என்ன பதில் சொல்வது? ஆனால் அந்தப் பதிலை அவசரத் தீர்ப்பும் அவர்களுக்குத் தரவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்யாத விசாரணை, செத்தவர் வீட்டையும் ஏமாற்றுகிறது, கூண்டில் நிற்பவர் வீட்டையும் ஏமாற்றுகிறது. எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்காருகிற குடும்பங்களிடம் இதையும் சொல்வேன்: எதிர்த் தரப்பு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசாதீர்கள், அவர்கள் தெருப் பக்கம் போகாதீர்கள்.

வயது

குற்றம் நடந்த அன்று 18 நிரம்பாதவருக்குத் தூக்கு கிடையாது. இதை எந்தக் கட்டத்திலும், உச்ச நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் நகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. நம் பிள்ளைகள் எட்டாவதோடு நின்று, திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போனவர்கள். வயதைக் கூட்டிச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள், போலீசும் அதையே எழுதியிருக்கும். முதல் வகுப்பு சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கே போங்கள். டிசி மட்டும் போதாது, சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு பக்கத்துப் பள்ளியிலோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ இருக்கும். புனேயில் 1994-இல் நடந்த ஒரு கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர், வேறு பெயரில் சிறையில் கிடந்தார். ராஜஸ்தானில் இருந்த அவருடைய பள்ளிப் பதிவைப் பார்த்தால், சம்பவத்தன்று அவருக்குப் பன்னிரண்டரை வயது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 28 வருடம் கடந்திருந்தது.

வாழ்க்கையைச் சொல்லும் காகிதங்கள்

இங்கேதான் குடும்பங்கள் தயங்குகின்றன. "நாங்க பையன் செய்யலைன்னு சொல்றோம், நீங்க ஏன் அவன் கஷ்டத்தைக் கேக்குறீங்க?" என்பார்கள். இரண்டும் ஒன்றாகவே போக வேண்டும். செய்யவில்லை என்ற வாதம் இன்று ஏற்கப்படாமல் போகலாம், பத்து வருடம் கழித்து உண்மை வெளிவரலாம். அதுவரை உயிர் இருக்க வேண்டுமே. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் சொன்ன "அரிதினும் அரிது" என்ற அளவுகோலில், செய்த செயலோடு செய்தவரையும் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறை நடத்தை அறிக்கை, மனநல அறிக்கை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்றது.

அதனால் ரேஷன் கார்டு, அப்பா இறந்த சான்று, கந்துவட்டிக் கடன் சீட்டு, தலையில் அடிபட்ட பழைய ஓ.பி. சீட்டு, மனநல மாத்திரைச் சீட்டு, கோயிலில் மந்திரித்துக் கட்டிய கதை, பாடம் நடத்திய டீச்சர் எழுதித் தரும் ஒரு பக்கம், உள்ளே படித்துத் தேறிய மார்க் ஷீட் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். குடும்ப மானம் போகிறதே என்று மனநோயை மறைக்காதீர்கள். தண்டனை விதித்த பிறகு வந்த மனநோயைக்கூடக் கணக்கில் எடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு பார்க்கும்போது அவர் ஒரே ஆளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாரா, தூங்குகிறாரா என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். கருணை மனு முடியும்வரை தனிமைச் சிறை கூடாது என்று 1978-லேயே தீர்ப்பு இருக்கிறது.

டெல்லிக்குப் போனால்

உயர் நீதிமன்றம் உறுதி செய்தால் உச்ச நீதிமன்றத்துக்கு 60 நாள். அங்கேயும் தோற்றால், அதே கோர்ட்டைத் தன் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனுவுக்கு 30 நாள். 2014 செப்டம்பருக்கு முன் சீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள் வைத்துத் தள்ளிவிடுவார்கள். இப்போது தூக்குக் கேஸில் மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவதைக் கேட்டாக வேண்டும். தருமபுரி பஸ் எரிப்பு வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட மூன்று பேருக்கு 2016-இல் ஆயுளாகக் குறைந்தது இப்படிப்பட்ட சீராய்வில்தான்.

ஒரே கேஸில் இரண்டு மூன்று எதிரிகள் என்றால் மற்ற வீட்டுக்காரர்களோடு எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் பேச்சை முறிக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குற்றத்துக்காக மூன்று பேருக்குத் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு 1977-இல் ஆயுளாகக் குறைத்தார்கள். இன்னொருவர் அந்தச் செய்தியை வைத்து மனு போடவில்லை, 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள். மூன்றாமவருக்கு மட்டும் தடை கிடைத்தது. செத்தவருக்கும் பிழைத்தவருக்கும் குற்றத்தில் வித்தியாசம் இல்லை என்று கோர்ட்டே பிறகு வருந்தி எழுதியது. மற்ற எதிரியின் தீர்ப்பு நகல் உங்கள் பையிலும் இருக்கட்டும்.

கருணை மனு

முன்னே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு கெடு வைத்துவிட்டது. எல்லாம் தள்ளுபடி ஆனதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளில் மனு கொடுக்க வேண்டும். முதலில் ஆளுநர். அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவர். மனுவில் "மன்னியுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு தெரியவந்த உண்மைகள் எல்லாம் அதில் வர வேண்டும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளனை நினைத்துப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பதற்கு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்ற தடா சட்டத்தில் அவர் கொடுத்த வாக்குமூலம்தான் முக்கிய ஆதாரம். எதற்காக அந்த பேட்டரி என்று தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்ற பிறகு 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்தத் தடை கிடைக்காமல் போயிருந்தால் அதிகாரி சொன்னதைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார். கருணை மனுவை முடிவு செய்ய ஆன தாமதத்துக்காக 2014-இல் தண்டனை குறைந்தது, 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவருடைய அம்மா அற்புதம் அம்மாள் எத்தனை ஊர், எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார் என்பதை இந்த மாநிலமே பார்த்தது. மனு கொடுத்த தேதி, நினைவூட்டல் கடிதம் அனுப்பிய தேதி, ரசீது எல்லாவற்றையும் வருடக் கணக்கில் சேர்த்துவையுங்கள். தாமதத்தை நிரூபிக்க அந்த ரசீதுகள்தான் உதவும்.

நிராகரிப்பு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேருக்குத் தூக்கை ஆயுளாக்கிய தீர்ப்பு, நிராகரிப்பைத் தெரிவித்ததற்கும் தூக்குக்கும் நடுவே 14 நாள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த 14 நாளில் வக்காலத்துக்குக் கையெழுத்து வாங்கச் சிறைக்கு அலைய நேரம் இருக்காது. கருணை மனு போடும்போதே தேதி போடாத இரண்டு வக்காலத்துகளில் சிறை அதிகாரி சான்றோடு கையெழுத்து வாங்கி வக்கீலிடம் கொடுத்துவையுங்கள். முழுக் கட்டையும் ஸ்கேன் செய்து டெல்லி வக்கீலின் மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். வீட்டில் இருவர் போனை இரவிலும் அணைக்காமல் வைத்திருங்கள். நொய்டா நிட்டாரி வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை 2014 செப்டம்பரில் மீரட் சிறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்ற நீதிபதி தடை கொடுத்தார். அவர்மேல் இருந்த கடைசி வழக்கிலும் 2025 நவம்பர் 11 அன்று விடுதலை வந்தது.